ஸ்காட்லாந்து: அதிகாரப் பகிர்வு பிரிவினைக்குத் தடையா, படியா?

#1 வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. மாநில உரிமை இழையில் யாரோ "ஸ்காட்லாந்தைப் பாருங்கள்" என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போனார். பார்த்தேன். மூன்று ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். அதனால் தனி இழை.

என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டு ஜோசியம். சொன்ன இருவருமே பிரிட்டன் தொழிற்கட்சிக்காரர்கள். ஸ்காட்லாந்துக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டால் அங்கே தேசியவாதம் அதோடு செத்தது என்றார் ஜார்ஜ் ராபர்ட்சன், 1995-ல். டாம் டால்யெல் சொன்னது நேர் எதிர்: இது சுதந்திரத்துக்குப் போகிற நெடுஞ்சாலை, ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியே கிடையாது. கொடுத்தால் அடங்குவார்கள் என்று ஒருவர், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள் என்று ஒருவர்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் 1603 முதல் ஒரே அரசர். ஆனால் நாடாளுமன்றம் ஒன்றானது 1707-ல்தான். அப்போதும் ஸ்காட்லாந்தின் சட்டமுறை, திருச்சபை, கல்வி மூன்றும் தனியாகவே இருந்தன. ஆக, "நாங்கள் ஒரு நாடு" என்ற நினைப்பை உயிரோடு வைத்திருக்க அவர்களுக்குக் கையில் சாமான் இருந்தது.

1979 மார்ச் 1-ம் தேதி முதல் வாக்கெடுப்பு. தனிச் சட்டமன்றம் வேண்டும் என்றவர்கள் 12,30,937 பேர், வேண்டாம் என்றவர்கள் 11,53,502 பேர். ஜெயித்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் 'ஆம்' சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனையை முன்பே சட்டத்தில் செருகியிருந்தார்கள். கிடைத்தது 32.9. வீட்டில் படுத்துத் தூங்கியவரும் 'வேண்டாம்' சொன்னதாகத்தான் கணக்கு. அந்த மாதக் கடைசியிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியும் எதிராக வாக்களிக்க, தொழிற்கட்சியின் கேலஹன் அரசு 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. பின்னாலேயே தாட்சர் வந்தார். தேசியக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் 11 இடம் 2 ஆனது தனிக்கதை.

பிறகு 1997 செப்டம்பர் 11. இந்தத் தடவை 74.3 சதவீதம் 'ஆம்'. வரி விகிதத்தை மாற்றும் அதிகாரம் வேண்டுமா என்ற இரண்டாவது கேள்விக்கு 63.5. 1999-ல் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் அவர்களுடைய நாடாளுமன்றம் கூடியது.

என் கேள்வி இதுதான்: இரண்டு ஜோசியரில் யார் ஜெயித்தார்?

#2 கொங்குச்சீமை

இதுக்கு ஒரு இழையாங்க? 2014-ல வாக்கெடுப்பு நடந்துச்சு. பிரியறதுக்கு 44.7, வேண்டாம்னு 55.3. ராபர்ட்சன் ஜெயிச்சார். கடையைச் சாத்துங்க.

#3 கிளைட்கரை அக்கா

கடையைச் சாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஆளுங்களை எண்ணிட்டுச் சாத்துங்க தம்பி. நான் கிளாஸ்கோவில் இருக்கேன். 2009-ல் மதுரைப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். 2014 வாக்கெடுப்பில் நானும் வாக்களித்தேன்.

இதை ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை. "இந்தியப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு இன்னொரு நாடு பிரியலாமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணுவியா?" என்று என் அண்ணன் போனில் சிரித்தான். உண்மைதான். அங்கே முறையாகக் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு வாக்கு உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கும் உண்டு. 16 வயது ஆனவர்களுக்கும் உண்டு. ஆனால் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்து மான்செஸ்டரில் வேலை பார்க்கிற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடையாது. எங்கள் மாடிவீட்டுக்காரர் இங்கிலாந்தில் பிறந்தவர், அவருக்கு வாக்கு இருந்தது. அவருடைய ஸ்காட்லாந்து மருமகன் தெற்கே இருந்ததால் அவருக்கு இல்லை. ஒரு வருஷம் அந்த வீட்டில் இந்தச் சண்டைதான்.

யார் ரத்தம் என்று பார்க்காமல், யார் இங்கே வாழ்கிறார் என்று பார்த்தார்கள். தேசியவாதம் என்றதும் நமக்கு வருகிற பயம் எனக்கும் இருந்தது. அந்த ஒரு விதியைப் பார்த்தபிறகு பாதி குறைந்தது.

அந்தக் கோடைகாலத்தை நான் மறக்க மாட்டேன். பேருந்து நிறுத்தத்தில், வார்டில், சிகை திருத்துகிற கடையில் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: பவுண்டு இருக்குமா, பென்ஷன் வருமா, எண்ணெய் எத்தனை வருஷத்துக்கு. பிரிந்தால் பவுண்டைப் பங்குபோட மாட்டோம் என்று அந்த பிப்ரவரியில் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் சொல்லியிருந்தார். அது பல பேரைப் பயமுறுத்தியது, பல பேரைக் கோபப்படுத்தியது. என் வார்டில் எழுபது வயது நோயாளி ஒருவர், மயக்க மருந்து தெளிந்து கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "கருத்துக்கணிப்பு என்ன ஆச்சு?"

வாக்குப்பதிவு 84.6 சதவீதம். பொதுத்தேர்தலுக்கே அவ்வளவு வராது. கிளாஸ்கோ 'ஆம்' பக்கம், 53.5. டண்டி நகரில் இன்னும் அதிகம். பிரச்சாரம் தொடங்கியபோது மூன்றில் ஒருவர்தான் அந்தப் பக்கம் இருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். முடியும்போது 16 லட்சத்துக்கு மேல். தோற்றவர்கள் இப்படி வளர்ந்த தேர்தலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

#4 கொங்குச்சீமை

சரிங்க அக்கா, ஒத்துக்கறேன். நீங்க எந்தப் பக்கம் குத்துனீங்க?

#5 கிளைட்கரை அக்கா

அதெல்லாம் அப்புறம்.

#6 கருப்புக்கோட்டு

வைகைக்கரை சார், நல்ல இழை. ஆனால் 'யார் ஜெயித்தார்' என்பது கேள்வியே இல்லை என்று நினைக்கிறேன். சட்டத்தை எடுத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும்.

1998 ஸ்காட்லாந்துச் சட்டத்தின் அமைப்பு நம் ஊர்க்காரர்களுக்குப் பொறாமை வரவைக்கும். நம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல். எதிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் தில்லிக்கு. அங்கே தலைகீழ். லண்டன் தன்னிடம் வைத்துக்கொள்வதை மட்டும் ஐந்தாவது அட்டவணையில் எழுதினார்கள்: பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், குடியேற்றம், அரசமைப்பு என்று. அதில் இல்லாத எல்லாமே எடின்பரோவுக்கு. புதிதாக ஒரு பிரச்சினை முளைத்தால், பட்டியலில் இல்லையென்றால் அது ஸ்காட்லாந்தின் சொத்து. வேல்ஸுக்கு ஆரம்பத்தில் இந்த முறை கிடைக்கவில்லை. 1997-ல் அங்கே 50.3 சதவீதத்தில்தான் பேரவையே தப்பிப் பிழைத்தது. இந்த அமைப்புக்கு வர 2017 சட்டம் வரை காத்திருந்தார்கள்.

இவ்வளவும் கொடுத்துவிட்டு, அதே சட்டத்தின் 28-வது பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு: மேலே சொன்ன எதுவும், ஸ்காட்லாந்துக்காகச் சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தின், அதிகாரத்தைப் பாதிக்காது. அவ்வளவுதான். வீட்டைக் கொடுத்தாயிற்று, எல்லா அறைக்கும் சாவி கொடுத்தாயிற்று. பத்திரம் மட்டும் லண்டனில் இருக்கிறது.

'ஸ்காட்லாந்துக்குப் பகிர்ந்த விஷயத்தில் அவர்கள் சம்மதமில்லாமல் சாதாரணமாக நாங்கள் சட்டம் போடமாட்டோம்' என்று ஒரு மரபு உண்டு. சூவல் மரபு என்பார்கள். 2014-க்குப் பிறகு அதை 2016 சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதியதும் ஸ்காட்லாந்து நிம்மதியாக மூச்சுவிட்டது. மறு வருஷம் ஜனவரியில், பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது பற்றிய மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: எழுதியிருந்தாலும் அது அரசியல் மரபுதான், நீதிமன்றம் அதைக் காவல் காக்காது. 'சாதாரணமாக' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை யானை நுழையும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

#7 வைகைக்கரை

இந்த 28-வது பிரிவை நான் கவனிக்கவே இல்லை சார். ஆனால் மரபுதான் என்றாலும் நடைமுறையில் மதித்தார்களா இல்லையா?

#8 கருப்புக்கோட்டு

இருபது வருஷம் பெரும்பாலும் மதித்தார்கள். பிரெக்ஸிட் வந்ததும் கதை மாறியது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கலாம் என்றார்கள், ஆனாலும் பிரிட்டன் முழுசாக வெளியேறியது. 2020-ல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் (பிரிட்டனின் ஒரு பகுதியில் விற்கலாம் என்றால் மற்றப் பகுதிகளிலும் விற்கலாம் என்பது), எடின்பரோவின் சம்மதம் இல்லாமலேயே.

அதன் விளைவு எங்கே தெரிந்தது என்றால், காலி பாட்டிலில். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் திட்டம் ஒன்றை ஸ்காட்லாந்து கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் அவர்கள் அதிகாரம்தான். ஆனால் 'கண்ணாடி பாட்டிலைச் சேர்க்கக் கூடாது, சந்தை இரண்டாகும்' என்றது லண்டன். 2023-ல் திட்டமே கிடப்பில் போனது. அதே ஆண்டு ஜனவரியில் 1998 சட்டத்தின் 35-வது பிரிவையும் முதல்முறையாக எடுத்தார்கள். பாலின அங்கீகாரச் சட்டமுன்வடிவை ஸ்காட்லாந்து நிறைவேற்றி முடித்த பிறகு, லண்டனின் அமைச்சர் அதை அரசர் ஒப்புதலுக்குப் போகவிடாமல் நிறுத்தினார். அந்த முன்வடிவு சரியா தவறா என்பது இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழையில் அடித்துக்கொள்ளலாம். நிறுத்தும் அதிகாரம் 1998 முதல் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் என் விஷயம். ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

#9 திண்ணைப்பேச்சு

கவர்னர் கையெழுத்து போடாம வச்சிருக்கிற மாதிரின்னு சொல்லுங்க. நமக்குப் புரியும்.

#10 கருப்புக்கோட்டு

கிட்டத்தட்ட. ஒரு வித்தியாசம்: அங்கே நான்கு வாரக் கெடு உண்டு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாசக்கணக்கில் மேசை டிராயரில் வைத்துப் பூட்ட முடியாது.

#11 அபர்டீன்வாசி

சட்டம் பேசறவங்க எல்லாரும் காசு பேச மறந்துடறாங்க. எண்ணெய் ஊரிலிருந்து எழுதறேன், கொஞ்சம் கேளுங்க.

ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம், மொத்தப் பிரிட்டனில் எட்டு சதவீதம் போல. லண்டனிலிருந்து வரும் பணம் பார்னெட் சூத்திரம் என்ற கணக்கில் வருது. எழுபதுகளின் கடைசியில் ஜோயல் பார்னெட் என்ற அமைச்சர் தற்காலிகமா போட்ட கணக்கு, இன்னும் ஓடிட்டிருக்கு. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினா, மக்கள்தொகை விகிதப்படி இங்கேயும் கூடும். எதுக்குச் செலவழிக்கணும்னு எடின்பரோ முடிவு பண்ணலாம். தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா இங்கே செலவு இங்கிலாந்தை விட அதிகம். "எங்க காசுல சொகுசு"ன்னு தெற்கே புலம்பறது அதனாலதான்.

இங்கே திருப்பிச் சொல்ற பதில்: "அப்ப எங்க எண்ணெய்?" எழுபதுகளில் தேசியக் கட்சியோட கோஷமே எண்ணெய் நம்முடையதுன்னுதான். 1974-ல் கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார அதிகாரி ஒரு அறிக்கை எழுதினார். தனி நாடானா எண்ணெய் வருமானத்தில் ஸ்காட்லாந்து நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவானதா இருக்கும்னு சாரம். ரகசியம்னு உள்ளே வச்சாங்க. வெளியே வந்தது 2005-ல். எங்க தளத்தில் வேலை பார்த்த பெரியவர்களிடம் அந்த ஆண்டைச் சொன்னா இன்னும் முகம் சிவக்கும்.

ஆனா நியாயமா மறுபக்கமும் சொல்லணும். 2013-ல் சுதந்திரத்துக்காக ஸ்காட்லாந்து அரசு போட்ட வெள்ளை அறிக்கை, எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலர்னு வச்சுக் கணக்குப் போட்டது. வாக்கெடுப்பு முடிஞ்ச நாலு மாசத்தில் விலை 50-க்குக் கீழே. என் கம்பெனியில் பாதி மேசை காலியாச்சு. 'ஆம்' ஜெயிச்சிருந்தா அந்த முதல் பட்ஜெட்டை யார் போட்டிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு கலங்கும். 2023-24 கணக்குப்படி ஸ்காட்லாந்தின் வரவு செலவுப் பற்றாக்குறை, உற்பத்தியில் 10.4 சதவீதம். பிரிட்டன் முழுசுக்கும் அதில் பாதிகூட இல்லை. இது ஒன்றியத்துக்குள்ள இருக்கும்போது போட்ட கணக்கு, தனியா இருந்தா வேற மாதிரி இருக்கும்னு 'ஆம்' கட்சிக்காரங்க சொல்வாங்க. சரி, எப்படின்னு கேட்டா ஆளுக்கொரு பதில்.

#12 கொங்குச்சீமை

இதைத்தானுங்க நான் முதல்ல சொன்னேன். சோறு போடற கையைக் கடிக்கக் கூடாது.

#13 அபர்டீன்வாசி

அப்படியும் இல்லைங்க. சோறு யாரு போடறாங்கன்றதுதானே வழக்கே. இன்னொன்னு: வருமான வரி விகிதமும் வரம்பும் இப்போ எடின்பரோ கையில். 2014-ல் கடைசி நேரத்தில் மூணு லண்டன் கட்சித் தலைவர்களும் கூடுதல் அதிகாரம் தருவோம்னு பத்திரிகை முதல் பக்கத்தில் சத்தியம் பண்ணாங்க, அதுக்குப் பிறகு கிடைச்சது. 2025-26 கணக்கில் இங்கிலாந்தில் 50,270 பவுண்டு வரை 20 சதவீதம். இங்கே 43,662 தாண்டினதும் 42. என்னைக் கேட்டா அதிகாரப் பகிர்வுக்கு விளக்கம் என் சம்பளச் சீட்டுதான்.

#14 பனையடி

வணக்கம் எல்லாருக்கும். நான் எண்பதுகளில யாழ்ப்பாணத்தில இருந்து லண்டன் வந்தனான். இந்த விசயத்தை நாங்கள் பாக்கிற கண் வேற எண்டு உங்களுக்கு விளங்கும்.

2012 ஒக்ரோபர் 15, பிரிட்டன் பிரதமர் கமரோனும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சித் தலைவர் அலெக்ஸ் சமண்டும் எடின்பரோவில ஒரு மேசையில இருந்து கையெழுத்து வைச்சதை டிவியில பாத்தன். நாட்டைப் பிரிக்க வேணும் எண்டு வெளிப்படையாச் சொல்லுற கட்சி, அந்த நாட்டின்ர பிரதமர், ரெண்டு பேரும் "முடிவு எதெண்டாலும் ஏற்பம்" எண்டு எழுதிக் குடுக்கினம். எனக்குப் பக்கத்தில இருந்த மனுசி அழுதிட்டா. ஏனெண்டு நான் கேக்கேல்லை.

எங்கட நாட்டில 1983-ல கொண்டுவந்த ஆறாவது திருத்தத்தின்படி தனிநாடு கேக்கிறதே குற்றம். பாராளுமன்ற உறுப்பினர் அதுக்கு எதிராச் சத்தியம் பண்ண வேணும். 87-ல வந்த பதின்மூண்டாம் திருத்தத்தில பொலிஸ், காணி அதிகாரம் எழுத்தில கிடக்கு, கையில வரேல்லை. ஆனபடியால் கருப்புக்கோட்டு ஐயா 'பத்திரம் லண்டனில' எண்டு சொல்லேக்க நான் நினைச்சன், எங்களுக்கு அறைச் சாவியே வரேல்லையே எண்டு.

#15 திண்ணைப்பேச்சு

இந்தியாவிலும் 1963-ல பதினாறாவது திருத்தம் வந்துதே. தேர்தல்ல நிக்கிறவங்க இறையாண்மை, ஒருமைப்பாடு காப்போம்னு உறுதிமொழி எடுக்கணும். திமுக திராவிட நாட்டைக் கைவிட்டதும் அந்த நேரம்தான். அண்ணா என்ன சொன்னார்னா

#16 மட்டுறுத்துநர்

அண்ணா என்ன சொன்னார் என்பதற்கு ஏற்கனவே நாற்பது பக்க இழை ஒன்று இருக்கிறது, பூட்டியும் வைத்திருக்கிறேன். பனையடி ஐயா சொன்ன ஒப்பீடு தலைப்போடு ஒட்டுகிறது, இருக்கட்டும். இதற்கு மேல் ஸ்காட்லாந்து.

#17 கொங்குச்சீமை

சரிங்க, ஸ்காட்லாந்துக்கே வர்றேன். இங்கிலாந்துக்காரனோட குறையை ஒருத்தரும் பேசலையே? டால்யெல் கேட்ட இன்னொரு கேள்வி இருக்கு. ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடத்தைப் பத்தி இங்கிலாந்து எம்.பி. ஓட்டுப் போட முடியாது. இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தைப் பத்தி ஸ்காட்லாந்து எம்.பி. மட்டும் எப்படிப் போடலாம்? அவரோட தொகுதிப் பேரால அதை வெஸ்ட் லோதியன் கேள்விம்பாங்க. 2004 ஜனவரில இங்கிலாந்து மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தை ஏத்தற மசோதா 316-311, அஞ்சு ஓட்டுல தப்பிச்சது. ஆளுங்கட்சியோட ஸ்காட்லாந்து எம்.பி.க்கள் கை தூக்கலைன்னா அங்கேயே காலி. அவங்க ஊருப் பசங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது! இது எந்த ஊரு நியாயமுங்க?

#18 கருப்புக்கோட்டு

நியாயமில்லைதான். நல்ல உதாரணம் எடுத்தீர்கள். 2015-ல் இங்கிலாந்து சம்பந்தப்பட்ட சட்டத்துக்கு இங்கிலாந்து எம்.பி.க்கள் தனியாகச் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். சிக்கலாகி 2021-ல் அவர்களே எடுத்துவிட்டார்கள். நேர்வழி, இங்கிலாந்துக்கும் மண்டலப் பேரவைகள். வடகிழக்கு இங்கிலாந்தில் 2004-ல் கேட்டார்கள். 78 சதவீதம் பேர் 'வேண்டாம், இன்னொரு கூட்டம் அரசியல்வாதிகளுக்குச் சம்பளம் எங்களால் கொடுக்க முடியாது' என்ற மனநிலையில் விரட்டிவிட்டார்கள். நாட்டின் 84 சதவீத மக்கள் வாழும் பகுதிக்குத் தனிச் சட்டமன்றம் இல்லாத கூட்டாட்சி எப்படி இருக்கும்? மூன்று எலியும் ஒரு யானையும் சேர்ந்து ஓடும் பந்தயம்தான்.

#19 கிளைட்கரை அக்கா

கட்டணம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதிகாரப் பகிர்வு எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் மருந்துக் கடையில்தான். 2011 முதல் ஸ்காட்லாந்தில் மருத்துவர் எழுதிய மருந்துக்குக் காசு கிடையாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம். முதியவர்களுக்கு உடல் பராமரிப்பு 2002 முதல் இலவசம். கல்லூரியில் இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டுகிறார்கள், என் மகனுக்கு அது இல்லை. பிள்ளை பிறந்தால் அரசே ஒரு பெட்டி அனுப்புகிறது, துணி, போர்வை, வெப்பமானி எல்லாம் போட்டு. பெட்டிக்குள்ளேயே பிள்ளையைப் படுக்க வைக்கலாம். 2018-ல் சாராயத்துக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள், ஒரு யூனிட்டுக்கு (10 மில்லி சுத்த ஆல்கஹால்) 50 பென்ஸ், இப்போது 65. ஈரல் வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்தச் சட்டத்துக்கு என் தனிப்பட்ட நன்றி உண்டு.

ஆனால் எல்லாம் பொன்னாக இல்லை. தீவுகளுக்குப் போக 97 மில்லியன் பவுண்டில் இரண்டு கப்பல் கட்டச் சொன்னார்கள். 2018-ல் வர வேண்டியது, முதல் கப்பல் பயணிகளோடு கிளம்பியது 2025 ஜனவரியில். செலவு பல மடங்கு. போதைமருந்து மரணத்தில் ஐரோப்பாவிலேயே மோசமான இடத்தில் இருக்கிறோம். இதையெல்லாம் கேட்டால் எடின்பரோக்காரர்கள் லண்டனைக் காட்டுவார்கள், லண்டன்காரர்கள் எடின்பரோவைக் காட்டுவார்கள். நம் ஊரில் பார்த்த காட்சிதான், குளிர் மட்டும் கூடுதல்.

#20 வைகைக்கரை

அக்கா எழுதியதைப் படித்தபின் என் முதல் கேள்வியே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. ஆனாலும் எண்களை ஒருமுறை வரிசையாக வைக்கிறேன். எடின்பரோ நாடாளுமன்றத்தில் 129 பேர், 73 பேர் தொகுதியிலிருந்து, 56 பேர் கட்சிப் பட்டியலிலிருந்து. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்று எல்லோரும் நம்பிய தேர்தல் முறை. 2007-ல் தேசியக் கட்சிக்கு 47, சிறுபான்மை அரசு. 2011-ல் 69! அதனால்தான் 2014 வந்தது. தோற்ற எட்டாவது மாதம் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதியில் 56 அவர்களுக்கு. ராபர்ட்சன் சொன்ன பிணம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு 2024-ல் 57-ல் வெறும் 9. மறுபடி படுத்தது. ஆனால் சுதந்திரத்துக்கு ஆதரவு மட்டும் கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய பாதிக்குப் பாதியிலேயே நிற்கிறது. கட்சி விழுந்தாலும் கேள்வி விழவில்லை. டால்யெலும் முழுசாக ஜெயிக்கவில்லை; நெடுஞ்சாலையில் வண்டி ஓடவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடுச்சாலையில் நிற்கிறது.

#21 கருப்புக்கோட்டு

ஏன் நிற்கிறது என்றால், பெட்ரோல் போடும் இடம் லண்டனில். 2014 வாக்கெடுப்பு நடந்ததே 1998 சட்டத்தின் 30-வது பிரிவின் கீழ் லண்டன் தற்காலிகமாக அதிகாரம் கொடுத்ததால்தான். 2014 முடிவதற்குள் நடத்தியாக வேண்டும் என்று கெடு. அதற்குப்பின் கேட்டபோதெல்லாம் 'இப்போது இல்லை'. கடைசியில் ஸ்காட்லாந்து அரசே உச்ச நீதிமன்றம் போனது: 'வெறும் ஆலோசனை வாக்கெடுப்பு, பிரியப் போவதில்லை, கருத்துக் கேட்கிறோம், அதற்காவது எங்களுக்கு அதிகாரம் உண்டா?' 2022 நவம்பர் 23-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 'இல்லை'. சட்டப்படி விளைவு இல்லாவிட்டாலும், இரு நாடுகளின் ஒன்றியத்தின் மேல் அதற்குப் பெரிய அரசியல் எடை இருக்கும் என்றார்கள். தீர்ப்பை வாசித்த தலைவர் ரீட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர்.

சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் இதைப் பாருங்கள்: அயர்லாந்தின் வடபகுதிக்கு 1998 சட்டத்திலேயே வெளியேறும் கதவு எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பான்மை விரும்புவதாகத் தோன்றினால் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். அதே ஆண்டு, அதே நாடாளுமன்றம் இயற்றிய ஸ்காட்லாந்துச் சட்டத்தில் கதவு வரையப்படவே இல்லை. 'நீங்கள் விரும்பி இணைந்த ஒன்றியம்' என்று தினமும் சொல்கிறார்கள். விரும்பி இருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை மட்டும் அடுத்தவர் சட்டைப்பையில். யார் ஜெயித்தார் என்பது கேள்வி இல்லை என்று நான் ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான்.

#22 கொங்குச்சீமை

சும்மா சும்மா கேட்டுட்டே இருந்தா எந்த நாடு தாங்கும்? கனடாவில கியூபெக் 1980-ல ஒரு தடவை, 1995-ல ஒரு தடவை. ரெண்டாவது தடவை 54,288 ஓட்டுலதான் கனடா பிழைச்சுது. ஒரு மாநாட்டுக் கூட்டம்கூட இல்லீங்க அது.

#23 கருப்புக்கோட்டு

அதற்குப் பிறகு கனடா என்ன செய்தது பாருங்கள். உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 1998-ல் பதில்: தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். 2000-ல் அதைச் சட்டமாக்கினார்கள். விதி எழுதியபிறகு சூடு தணிந்தது, மூன்றாவது வாக்கெடுப்பு இன்றுவரை இல்லை. ஸ்பெயின் எதிர்வழியில் போனது. 2017 அக்டோபர் 1-ல் கட்டலோனியாவில் வாக்குச்சாவடிக்குப் போலீஸ் அனுப்பியது, இரண்டு வருஷம் கழித்துத் தலைவர்களுக்கு 13 வருஷம் வரை சிறை. பிறகு மன்னிப்பு, பிறகு 2024-ல் பொதுமன்னிப்புச் சட்டம். பிரிட்டன் இரண்டுக்கும் நடுவில். தடியும் எடுக்கவில்லை, விதியும் எழுதவில்லை.

#24 பனையடி

தடி எடுக்கேல்லை எண்டதை இவ்வளவு லேசாச் சொல்லிட்டுப் போறியள் ஐயா.

#25 கருப்புக்கோட்டு

மன்னிக்கவும் ஐயா. நீங்கள் சொல்வது சரி. அந்த வாக்கியத்தை அப்படி எழுதியிருக்கக் கூடாது.

#26 கொங்குச்சீமை

அக்கா இன்னும் பதில் சொல்லலீங்க. எந்தப் பக்கம்?

#27 கிளைட்கரை அக்கா

விட மாட்டியே தம்பி. சரி, கேள்.

நானும் வீட்டுக்காரரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக நடந்து போனோம். அவர் 'ஆம்' போட்டார், நான் 'இல்லை'. ஆக எங்கள் வீட்டிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது பூஜ்யம். நான் 'இல்லை' போட்ட காரணம், பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே போய்விடுவோம் என்று 'இல்லை' கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொன்னது. இரண்டே வருஷத்தில் அதே பிரிட்டன் வெளியேற வாக்களித்து, பிறகு என்னையும் வெளியே கூட்டிக்கொண்டு போனது. என் வார்டில் ஒரு போலந்துப் பெண். 2014-ல் அவளுக்கும் வாக்கு இருந்தது, 2016-ல் அவள் வாழ்க்கையையே தீர்மானித்த வாக்கெடுப்பில் இல்லை. காமன்வெல்த் என்பதால் எனக்கு அப்போதும் இருந்தது. அன்றைக்கு நைட் ஷிப்டில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

#28 கொங்குச்சீமை

மறுபடி வாக்கெடுப்பு வந்தா?

#29 கிளைட்கரை அக்கா

இப்போ வீட்டில் மூன்று வாக்கு, மகனும் வளர்ந்துவிட்டான். அவர் மாறவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகனிடம் போன வாரம் சாப்பிடும்போது கேட்டேன். "ரகசிய வாக்கெடுப்பும்மா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான்.